உப்புக் குளிரும் உப்பில்லாக் குளிரும்

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. ஸ்காட்லாந்து நிலப்பரப்பின் வடகோடியில் இருக்கும் தர்ஸோ ஊரில், இடிந்து நிற்கும் பழைய கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கார் விளக்கை அணைத்துவிட்டு நிற்கிறது. உள்ளே ஒரு பள்ளி ஆசிரியை. கடல் எதிரிலேயே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது. விடிய இன்னும் அரைமணி ஆகும். ஃபிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றிக் குடித்தபடி, ஓர் அலை உடைந்து அடுத்தது உடைவதற்குள் எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். பதினான்கு வந்தால் இன்று நல்ல நாள்.

அதே மாதம், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். டுலூத் நகருக்கு வடகிழக்கே ஸ்டோனி பாயிண்ட் என்ற பாறைக்கரையில் மதியம் இரண்டு மணி. தண்ணீரிலிருந்து ஏறி வந்த தச்சர் ஒருவர் தன் வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். தாடியிலிருந்து பனிக்கட்டி சரம் சரமாகத் தொங்குகிறது. உடுப்பின் ஜிப் உறைந்துபோய் நகர மறுக்கிறது. மரத்த விரலால் அதைப் பிடிக்கவும் முடியவில்லை. கூட வந்த நண்பர் ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜிப்பின் மேல் ஊற்றுகிறார். தச்சர் உதட்டை நக்கினால் உப்புக் கரிக்காது. அவர் இவ்வளவு நேரம் ஏறி நின்றது சுப்பீரியர் ஏரியின் அலையில்.

இந்த இருவரும் நான் பார்த்துப் பேசிய ஆட்கள் அல்லர். அந்தந்தக் கரையில் எந்தக் குளிர்காலத்திலும் காணக்கூடியவர்கள் என்பதால், ஒப்பிட வசதியாக ஆளுக்கொரு தொழில் கொடுத்திருக்கிறேன். அலைச்சறுக்கில் இருவருக்கும் ஒரு காசு வருமானம் கிடையாது. பரிசு இல்லை, விளம்பரதாரர் இல்லை. கைக்காசைப் போட்டு, லீவையும் போட்டு, விரல் மரக்கப் போய்வருகிறவர்கள்.

முதலில் குளிரையே அளவுகோலாக வைத்துத்தான் இந்த இரண்டு கரைகளையும் ஒப்பிட உட்கார்ந்தேன். போகப் போகக் குளிர் இரண்டாம்பட்சமாகிவிட்டது. அலை எங்கே பிறந்து எவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்பதுதான் இவர்களுடைய வேலை, தூக்கம், நட்பு, பயம் எல்லாவற்றையும் வகுக்கிறது என்று இப்போது படுகிறது.

குளிர்க்கணக்கை முடித்துவிடலாம். வரைபடத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். தர்ஸோ 58.6 பாகை வட அட்சத்தில், அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கும் சற்று வடக்கே இருக்கிறது. டுலூத் 46.8 பாகை, பிரான்சில் திராட்சை விளையும் அட்சம். அப்படியானால் தர்ஸோதானே உறைந்துகிடக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. மெக்ஸிகோ வளைகுடாப் பக்கமிருந்து அட்லாண்டிக்கைக் குறுக்காகக் கடந்து வரும் வெந்நீரோட்டத்தின் வால் ஸ்காட்லாந்தின் தலையைத் தடவிக்கொண்டு போகிறது. அதனால் நடுக்குளிரிலும் தர்ஸோவின் கடல் 6, 7 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. காற்றின் பகல் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். டுலூத்தோ கண்டத்தின் நடுவயிற்றில் கிடக்கிறது. கனடாவிலிருந்து இறங்கும் ஆர்க்டிக் காற்றைத் தடுக்க நடுவில் ஒரு மலையும் இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்பது அங்கே ஜனவரியில் செய்தியே ஆகாது. ஏரித் தண்ணீர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் பலகை பிடித்துப் பழகியவர்களுக்கு இரண்டுமே வேறு கிரகம். அங்கே மார்கழியிலும் தண்ணீர் 26 டிகிரி வாக்கில் இருக்கும்.

இனி அலைக்கு வருவோம். குமரி மாவட்டக் கடற்கரையில் காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் பொங்கிக் கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல் எழுப்பிய அலை, புயலை அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் நாட்கணக்கில் நடந்து வந்து சேர்கிறது. தர்ஸோ ஆசிரியை காத்திருப்பதும் இதே சங்கதிக்குத்தான். நம்மூரில் திருட்டுத்தனமாக வருவது அங்கே அழைப்பிதழோடு வருகிறது. கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே காற்றழுத்தம் ஆழமாக விழுந்தால், அங்கே பிறக்கும் அலைகள் வழியிலேயே தம்மைத் தரம் பிரித்துக்கொள்கின்றன. நீளமானவை முந்தும், குட்டையானவை பின்தங்கித் தேய்ந்துபோகும். 14 நொடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 300 மீட்டர். 1,500 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை நாள் போதும். அதாவது வியாழன் இரவு புயல் அடித்தால் சனிக்கிழமை காலைக்கு ஆசிரியை அலாரம் வைத்துக்கொள்ளலாம். புயலின் ஒரு துளி மழைகூட அவர் மேல் விழுந்திருக்காது.

தச்சருக்கு அந்த வசதி இல்லை. சுப்பீரியர் ஏரி பெரிதுதான்; பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், நீளம் 563 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 406 மீட்டர். ஓஜிப்வே மக்கள் இதைப் பெருங்கடல் என்ற பொருளில் கிச்சிகாமி என்று அழைத்தது காரணமில்லாமல் இல்லை. ஆனாலும், புயலை ஓரிடத்தில் விட்டுவிட்டு அலை மட்டும் நடந்து வருவதற்கு இந்த ஏரியில் இடம் போதாது. வடகிழக்கிலிருந்து, நம் மீனவர் சொல்லும் வாடையைப் போல, காற்று ஏரியின் நீளவாட்டில் மணிக்கணக்காக அடிக்க வேண்டும். அப்போதுதான் மேற்கு முனையில் இருக்கும் டுலூத் பக்கம் அலை திரண்டு சேரும். ஆறு, ஏழு நொடிக்கு ஒன்று, முகட்டுக்கு முகடு மிஞ்சினால் 75 மீட்டர்தான். மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது தலையில் இறங்கும். காற்று நின்ற சில மணி நேரத்தில் ஏரி ஒன்றும் நடக்காததுபோல் படுத்துவிடும். ஆகவே புயல் அடிக்கும்போதே, பனி கொட்டும்போதே, சாலைப் பனியை வண்டி தள்ளிக்கொண்டிருக்கும்போதே தச்சர் போயாக வேண்டும். புயல் மையம் கடந்து காற்று மேற்குக்குத் திரும்பும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் அவருக்குப் பொற்காலம். கரையிலிருந்து வீசும் காற்று அலையின் முகத்தை மழமழவென்று சீவி நிறுத்தும்.

இங்கிருந்துதான் இருவர் வாழ்க்கையும் பிரிகிறது. ஆசிரியைக்கு அலை பஞ்சமில்லை, வெளிச்சம்தான் பஞ்சம். தர்ஸோவில் டிசம்பர் கடைசியில் சூரியன் காலை ஒன்பதுக்கு எழுந்து மாலை மூன்றரைக்குள் விழுந்துவிடுகிறது. பகல் ஆறேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் நடக்கும் நேரமும் ஏறக்குறைய அதுவேதான். திங்கள் முதல் வெள்ளி வரை, வகுப்பறை ஜன்னல் வழியே தூரத்தில் வெள்ளைக் கோடுகள் வரிசையாக வந்து உடைவதைப் பார்த்தபடி பின்னங்களைக் கற்றுக்கொடுக்கலாம், அவ்வளவுதான். மிஞ்சுவது சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளிலும் வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ அலை வர வேண்டும், காற்று தெற்கிலிருந்து வீச வேண்டும், அலையேற்றம் சரியான அளவில் இருக்க வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அங்கே பெருக்கு நாட்களில் 4 மீட்டர் வித்தியாசம் வரும். வற்றிய நேரத்தில் பாறை முட்டியளவுத் தண்ணீரில் பல்லைக் காட்டும். ஏற்றமோ ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி வரும். மூன்றும் கூடிவரும் நேரம் பாதி வாரங்களில் இருட்டில் போய் விழுகிறது. ஆசிரியையின் அடுக்களைச் சுவரில் ஏற்றவற்ற அட்டவணை தொங்குகிறது என்றால் அது அலங்காரத்துக்கு அல்ல.

தச்சருக்கு ஏற்றவற்றம் என்ற கவலையே கிடையாது. சுப்பீரியரில் நிலவு இழுக்கும் ஏற்றம் 5 சென்டிமீட்டர்கூட இல்லை. வெளிச்சமும் எட்டரை மணி நேரம் கிடைக்கிறது. அவருடைய சிக்கல் தேதி. புயல் எந்தக் கிழமையில் வரும் என்று முதலாளியிடம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்துவிட்டால் அன்றே போக வேண்டும், நாளைக்கு என்பதே இல்லை. நவம்பர் மாதத்து டுலூத்தில் தச்சர்களுக்கும் கொத்தனார்களுக்கும் திடீர்ப் பல்வலி அதிகம் என்று யாராவது கட்டுரை எழுதினால் நான் நம்புவேன். போதாக்குறைக்கு, ஏரியில் மிதக்கவிட்டிருக்கும் வானிலை மிதவைகளில் பெரும்பாலானவற்றைப் பனிக்கட்டிக்குப் பயந்து குளிர்காலத்துக்கு முன்பே கரைக்கு இழுத்துவிடுகிறார்கள். அலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் அளக்கக் கருவி இல்லை. காற்று முன்னறிவிப்பையும், துறைமுகக் கால்வாயை நோக்கித் திருப்பிவைத்த கேமராக்களையும் பார்த்து ஊகிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நேரில் பார்த்து, ஏமாந்து திரும்ப வேண்டும்.

பிறகு பனிக்கட்டி. கடல்நீர் உறைய பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 1.8 டிகிரி வேண்டும்; தர்ஸோவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நன்னீரின் குணம் வேறு. 4 டிகிரியில்தான் அது மிகவும் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்த நீர் லேசாகி மேலேயே தங்கி, சட்டென்று உறையும். ஜனவரி, பிப்ரவரியில் ஏரியின் விளிம்பில் தட்டுத்தட்டாகப் பனிக்கட்டி சேர்கிறது. அலையைக் கொண்டுவரும் அதே வடகிழக்குக் காற்று ஒரே இரவில் கட்டிகளையும் தள்ளிக்கொண்டு வந்து டுலூத் மூலையில் அடைத்துவிடும். 2014இல் ஏரியின் 95 சதவீதத்துக்கு மேல் மூடிக்கொண்டது. அப்படிப்பட்ட வருடத்தில் தச்சருக்குப் பருவம் பாதியிலேயே முடிந்துபோகிறது. மிதமான வருடத்தில் கட்டிகளுக்கு நடுவே வழி பார்த்துத் துடுப்புப்போல் கையை வீசிக்கொண்டு போகிறார். அலையோடு சேர்ந்து கால்பந்து அளவுக் கட்டி ஒன்று உருண்டு வருவது அங்கே புதிதில்லை.

உப்பு இல்லாததில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி. காகிதத்தில் பார்த்தால் அற்ப வித்தியாசம். ஆனால் ஒரே ஆள் ஒரே பலகையோடு இரண்டு இடத்திலும் இறங்கினால் ஏரியில் பலகை கொஞ்சம் அமுங்கியே கிடக்கும். அதனால் ஏரிக்காரர்கள் சற்றே தடித்த பலகையாகப் பார்த்து வாங்குகிறார்கள். இந்த உப்பில்லாமையைப் பெருமையாக்கி, உப்பும் இல்லை, சுறாவும் இல்லை என்ற பொருளில் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்வதும் உண்டு. தர்ஸோவிலும் சுறா பயம் யாருக்கும் இல்லை. ஆனாலும் அதைச் சட்டையில் போட அவர்களுக்குத் தோன்றவில்லை.

உடுப்பு விஷயத்தில் இரண்டு கரையும் ஒன்றுதான். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் 1930இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதற்குள் காற்றுக் குமிழிகளை அடைத்து, நனைந்தாலும் சூடு போகாத உடுப்பைச் செய்யலாம் என்று 1950களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டவர் ஹியூ பிராட்னர். அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். உடம்புக்கும் உடுப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் சூடாகித்தான் நம்மைக் காக்கிறது என்று பலர் சொல்வார்கள். காப்பது அந்தக் குமிழிகள்தான். தண்ணீர் எவ்வளவு குறைவாக உள்ளே வருகிறதோ அவ்வளவு நல்லது. 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்த ஜாக் ஓ'நீல் போன்றவர்கள் இந்த உடுப்பை அலைச்சறுக்குக்காரர்களிடம் கொண்டுசேர்த்தார்கள். இன்று ஆசிரியை அணிவதும் தச்சர் அணிவதும் அதன் வாரிசே. மார்பில் 5 அல்லது 6 மில்லிமீட்டர், கைகளில் கொஞ்சம் மெலிது, தலையோடு ஒட்டிய மூடி, பூட்ஸ், கையுறை. தச்சருடைய கையுறையில் மட்டும் விரல்கள் தனித்தனியாக இல்லை. நண்டுக் கொடுக்குபோல இரண்டு மூன்று விரல் சேர்ந்தே கிடக்கும். முகத்தில் திறந்திருக்கும் இடமெல்லாம் வாசலின் தடவிக்கொள்கிறார். கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டால் கையுறையால் பொத்தி இளக்க வேண்டும். ஆசிரியையின் எதிரி வேறு: பக்கவாட்டில் அடிக்கும் ஆலங்கட்டி. அலையில் நிற்கும்போது முகத்தில் யாரோ அரிசியை வாரி இறைப்பதுபோல் இருக்கும். அவ்வளவு வேகத்தில் அரிசியும் வலிக்கும்.

உடம்பு படும் பாட்டிலும் பெரிய வேறுபாடில்லை. முதல் அலைக்கு அடியில் மூழ்கி எழும்போது நெற்றிப்பொட்டில் கத்தியைச் செருகியதுபோல் ஒரு வலி. ஐஸைக் கடகடவென்று விழுங்கினால் வருமே, அதன் அண்ணன். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், பனித்தண்ணீரில் விழுந்தவர்களுக்காக ஒரு சுருக்கக் கணக்குச் சொல்லி வருகிறார்: மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். உடுப்பு இந்தக் கணக்கை நீட்டிக்கொடுக்கிறது, மாற்றிவிடுவதில்லை. கரையேறிய பின்னும் கொஞ்ச நேரம் உடம்பின் உட்சூடு இறங்கிக்கொண்டே போகும். அதனால் நடுக்கம் பெரும்பாலும் காருக்குள் வந்துதான் பிடிக்கிறது. காதுக்குள் எலும்பு வளர்வது இன்னொன்று. குளிர்ந்த நீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுத்துளையில் சிறு எலும்பு முண்டுகள் எழுந்து வழியை அடைக்கும். சிலருக்கு அறுவைச் சிகிச்சை வரை போகும். நியாண்டர்தால் மனிதர்களின் மண்டையோடுகளில் ஏறத்தாழ பாதியில் இதே முண்டுகள் இருப்பதாக 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அவர்கள் நீரில் இறங்கியது வயிற்றுக்காக இருக்கலாம். இந்த இருவரும் எதற்காக இறங்குகிறார்கள் என்று கேட்டால் இருவருமே சரியாகப் பதில் சொல்லமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி, அலை வந்து உடையும் தரை. கடலடிப் பாறைத்திட்டை நம் மீனவர்கள் பார் என்பார்கள். தர்ஸோ கிழக்கு என்று அழைக்கப்படும் அந்த இடத்தின் பார், தட்டையான கற்பலகைகளை அடுக்கிவைத்ததுபோல் இருக்கும். கெய்த்னஸ் பலகைக்கல் என்பது அதன் பெயர்; ஒருகாலத்தில் வெட்டியெடுத்து எடின்பரோ, லண்டன் நடைபாதைகளுக்குக் கப்பலேற்றினார்கள். தரை இவ்வளவு மட்டமாக இருப்பதால்தான் அலை குழல்போல் சுருண்டு வலப்பக்கமாக ஒரே சீராக ஓடுகிறது. இந்தக் கல் உண்டான கதைதான் எனக்கு இந்த ஒப்பீட்டிலேயே மிகவும் பிடித்தது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இல்லை. மிகப் பெரிய நன்னீர் ஏரி ஒன்று இருந்தது. பருவத்துக்குப் பருவம் அதன் அடியில் படிந்த வண்டல்தான் தாள் தாளாகக் கல்லானது. உடைத்துப் பார்த்தால் அந்த ஏரியின் மீன்கள் உள்ளே அச்சாகக் கிடக்கின்றன. ஆக, ஆசிரியை ஏறி நிற்கும் அட்லாண்டிக் அலை உடைவது ஓர் ஏரியின் தரையில். தச்சர் நிற்கும் ஏரி அலையோ, 110 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டம் நடுவில் கிழியத் தொடங்கியபோது பொங்கிய எரிமலைக் குழம்பின் மேல் உடைகிறது. அந்தக் கிழிசல் முழுதாகப் பிளந்திருந்தால் அங்கே ஒரு கடல் வந்திருக்கும், பாதியில் நின்றுபோனது. கடலாக நினைத்து முடியாமல்போன இடத்தில் இன்று ஏரி. ஏரியாக இருந்து முடிந்துபோன இடத்தில் இன்று கடல்.

தர்ஸோவுக்கு அலைச்சறுக்குப் பெயர் உண்டு. 1981இல் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. 2006இல் ஓ'நீல் நிறுவனத்தின் போட்டிக்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் தொழில்முறை வீரர்கள் வந்து இறங்கினார்கள். அன்று வென்றவர் இங்கிலாந்தின் ரஸ்ஸல் வின்டர். ஊர் வளர்ந்தது அலையால் அல்ல. மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் டூன்ரே அணு உலைக்காக 1950களில் வெளியூர்க்காரர்கள் குடியேறி, ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய மூன்று மடங்கானது. இப்போது அந்த உலைகளைப் பிரித்து அப்புறப்படுத்தும் வேலை நடக்கிறது. அதுவும் சோறு போடுகிறது. அதற்குப் பக்கத்தில் சாண்ட்சைட் என்ற விரிகுடா உண்டு. அலை நன்றாக வரும், மணல் அழகாக இருக்கும். அந்த மணலில் கதிரியக்கத் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன, கருவி வைத்துத் தேடிப் பொறுக்கியெடுக்கிறார்கள். அங்கேயும் அலைச்சறுக்குக்காரர்கள் போகிறார்கள். குளிருக்கே அஞ்சாதவர்கள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குக்கு அஞ்சுவார்களா என்று கேட்கலாம். அஞ்ச வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அலையைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கும் ஆளிடம் கட்சி பேசிப் பயனில்லை.

டுலூத் இரும்புத்தாது கப்பலேறும் துறைமுகம். 300 மீட்டருக்கு மேல் நீண்ட சரக்குக் கப்பல்கள் தூக்குப்பாலத்தின் அடியில் நுழைந்து வெளியேறும். ஏரிக் கப்பல்காரர்களுக்கு நவம்பர் என்றாலே வயிற்றில் புளி கரையும். 1975 நவம்பர் 9ஆம் தேதி, டுலூத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுப்பீரியர் நகரிலிருந்து தாதுவோடு புறப்பட்ட எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், மறுநாள் மாலைப் புயலில் 29 பேரோடு மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. தச்சர் வருடம் முழுக்க வேண்டிக்கொண்டு காத்திருப்பது இதே வகைப் புயலுக்குத்தான். அவர் அலைக்குள் நிற்கும் அதே நேரத்தில், அதே காற்றில், தொலைவில் ஒரு கப்பலின் விளக்கு ஏறி இறங்குவது தெரியும். அதில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரின் மகன் வேலை பார்க்கலாம். ஆசிரியையின் புயலும் வட அட்லாண்டிக்கில் யாரோ சில மீனவர்களைப் புரட்டியெடுத்துவிட்டுத்தான் வந்திருக்கும்; ஆனால் அது அவர் கண்ணுக்குத் தெரியாத தூரம். இந்த ஒரு விஷயத்தில் தச்சரின் மனப்பாரம் அதிகம் என்று நினைக்கிறேன். ஜனவரி 15 வாக்கில், ஏரியிலிருந்து கப்பல்கள் வெளியேறும் சூ கால்வாயின் நீர்ப்பூட்டுகளை மூடிவிடுகிறார்கள். மார்ச் 25 வரை கப்பல் போக்குவரத்து நின்றுவிடும். அதன்பின் வரும் புயல்களில் அவர் கொஞ்சம் நிம்மதியாக நிற்கலாம், ஏரி உறையாதிருந்தால்.

துணை வேண்டுவதிலும் வேறுபாடு இருக்கிறது. ஏரியில் தனியாக இறங்குவது மடத்தனம் என்பது எல்லோருக்கும் தெரியும். புயல், கட்டி, உறைந்த ஜிப், எல்லாவற்றுக்கும் இன்னொருவரின் கை தேவை. கரையில் ஒருவர் வண்டியை ஓடவிட்டு, உள்ளே சூட்டை ஏற்றிவைத்துக் காத்திருப்பார். பூட்ஸுக்குள் வெந்நீர் ஊற்றிக்கொடுப்பார். இப்படி வெந்நீர் ஊற்றி ஊற்றி உண்டான நட்புகள் கோடையிலும் நிலைக்கும்போலும். தர்ஸோவில் மற்றவர்கள் இருப்பார்கள், தலையசைப்பார்கள். வேன்களில் வெளியூர்க்காரர்கள் வந்து படுத்திருப்பார்கள். ஆனாலும், தெற்கிலிருந்து ஆறு கொண்டுவந்து கொட்டும் சதுப்புநிலப் புல்கரி கலந்த நீரால் தேநீர்போல் பழுப்பேறிய அலையில், விடிந்தும் விடியாத அரையிருட்டில் முதல் ஆளாக இறங்கும் ஆசிரியை பெரும்பாலும் தனி ஆள்தான். எது கஷ்டமான வாழ்க்கை என்று என்னைக் கேட்டால், உடம்புக்குத் தச்சருடையது, மனசுக்கு ஆசிரியையுடையது என்பேன். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாடியில் காட்டி நாலு பேரிடம் சிரித்துக்கொள்ளலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றரை மணிக்கு இருட்டுவதைப் படமெடுத்துக் காட்ட வழியில்லை.

உடுப்பைக் கழற்றிக் காயப்போடும் விஷயத்தில் தச்சருக்கு ஓர் ஆதாயம்: உப்பு இல்லாததால் அலசத் தேவையில்லை. ஆனால் வண்டியின் பின்னால் போட்டுவைத்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் பலகையாக விறைத்துவிடும். நிற்கவைத்தால் தலையில்லாத ஆள்போல் நிற்கும். ஆசிரியை குளியலறையில் நல்ல தண்ணீரில் அலசித் தொங்கவிடுகிறார். இரண்டு நாள் ஆனாலும் தர்ஸோவின் ஈரக்காற்றில் அது காய்வதில்லை. ஞாயிறு காலை ஈர உடுப்புக்குள் மறுபடி காலை நுழைப்பதுதான் குளிர்காலத்திலேயே மிகப் பெரிய வீரம் என்று இரண்டு கரைக்காரர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

அலைச்சறுக்குக்காரர்களின் மூக்குக்குள், எலும்பறைகளில், தண்ணீர் தங்கிவிடும். பல மணி நேரம் கழித்து, எதிர்பாராத வேளையில், குனிந்தால் கொட்டும். சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின் ஆசிரியை கணப்படுப்புக்கு அருகே உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்துகிறார். சிவப்புப் பேனாவைத் தேடிக் குனிகிறார். மூக்கிலிருந்து சொட்டு ஒன்று யாருடைய கட்டுரையின் மீதோ விழுகிறது. சட்டைக் கையால் ஒற்றியெடுக்கிறார். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை நோட்டைத் திறக்கும்போது அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். டுலூத்தில் மறுநாள் காலை, தச்சர் ஒரு பலகையை அளக்கக் குனிகிறார். பென்சில் கோட்டின் மேல் அதேபோல் ஒரு சொட்டு. மரம் அதை உறிஞ்சிக்கொள்கிறது. மத்தியானத்துக்குள் எந்த இடம் என்று அவருக்கே தெரியாது.